பற்கம்பியும் உமிழ்நீரும்

(கரக்பூர் இருப்புப்பாதைக் குடியிருப்பில், நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் சிலம்பும் குறளும் கம்பனும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். அவற்றைப் பேசும் புலமை எமக்கில்லை. பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, இருபதாண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு காலங்கழித்து வரும் எழுத்தர் யாம். செயற்குழுவினர், "குடும்பங்களுக்குப் பயன்படும் பொருளாக ஏதேனும் பேசுக" என்று பணித்தனர். அப்பணிப்பை நினைத்தவாறே மாலையில் திடற்பக்கம் நடந்தபோது, பந்தாடும் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பொருள் கிடைத்தது. மூன்று நான்கு வாய்களில் கம்பி மின்னிற்று. பற்கம்பியைப் பற்றியே பேசுவோம் என்று துணிந்தோம்.

எம் மகளும் இரண்டாண்டு கம்பியணிந்து, சென்ற ஆண்டு கழற்றியவள். அவளை மாதந்தோறும் அழைத்துச் சென்ற காலத்தில் மருத்துவர்களிடம் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் அறிந்தவற்றையே ஈண்டுக் கூறுகின்றோம். மருத்துவ அறிவுரைக்கு மருத்துவரிடமே செல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்பதற்கு இவ்வுரை உதவினால் போதும்.

நம் குடியிருப்பில் ஒரு பிள்ளை. பெயர் வேண்டா. இரண்டாண்டுக்கு மேல் கம்பியணிந்து கழற்றியபோது பற்கள் அளவுகோல் வைத்து வரைந்தாற்போல் ஒழுங்காயிருந்தன. ஆனால் முன்பற்கள் ஒவ்வொன்றிலும், கம்பி ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் கட்டம் கட்டியதுபோல் வெண்மையான வடு. "அண்ணா, பல் நேராயிற்று. ஆனால் இந்த வெள்ளை போகவில்லையே! வட்டிக்கு வாங்கிச் செலவு செய்தது இதற்காகவா?" என்று அத்தாய் எம் இல்லத்தில் வந்து கண் கலங்கினார். அப்பிள்ளை இன்றும் வாயை மூடியே சிரிக்கிறான். கோணற்பல்லை மறைக்க மூடிய வாயை இப்போது வடுவை மறைக்க மூடுகிறான். இவ்வடு ஏன் வந்தது? இதற்கு விடை காண வேண்டின் உமிழ்நீரைப் பற்றி அறிதல் இன்றியமையாதது.

உமிழ்நீர் என்றால் இலக்கியச் சொல்லாகத் தோன்றும். வீட்டில் நாம் சொல்வது எச்சில். அச்சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறோம். "எச்சில் பண்ணாதே" என்று குழந்தையைக் கடிகிறோம். சொம்பை வாயில் படாமல் தூக்கிக் குடிக்கப் பழக்குகிறோம். நம் வங்காளத்து அண்டை வீட்டாரும் இதில் நம்மைப் போன்றவரே. ஆயினும் தமிழர் எல்லாக் காலத்தும் அதனை இழிந்ததாகவே எண்ணினர் என்று சொல்லற்கில்லை. வள்ளுவர் 1121ஆம் குறளில், தலைவியின் வெண்பற்களில் ஊறும் நீரைப் பாலும் தேனும் கலந்த கலவைக்கு ஒப்பிடுகிறார். குழந்தைகள் முன்னிலையில் அக்குறளை இதற்குமேல் விரிக்க வேண்டா.

நிற்க. காதுக்குக் கீழே ஓரிணை, தாடைக்கு அடியில் ஓரிணை, நாக்கின் கீழ் ஓரிணை என மூவிணைப் பெருஞ்சுரப்பிகளும், உதட்டிலும் கன்னத்திலும் அண்ணத்திலும் பரந்து கிடக்கும் நூற்றுக்கணக்கான சிறுசுரப்பிகளும் சேர்ந்து நாள் ஒன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெறும் நீர். எஞ்சிய ஒரு பங்கே வாயைக் காக்கிறது. அமிலத்தை ஆற்றும் பைகார்பனேட் அதில் உண்டு. பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் எவற்றால் ஆயதோ அந்தச் சுண்ணமும் பாஸ்பேட்டும் அதில் கரைந்துள்ளன. கிருமிகளை அடக்கும் புரதங்களும் உண்டு.

நம் துறையில் கீமேன் என்றொரு தொழிலாளியை அறிவோம். சுத்தியும் கொடியும் ஏந்தித் தம் எல்லைக்குட்பட்ட பாதையை நடந்தே பார்த்து, தளர்ந்த பிடிப்பை அடித்து இறுக்கிச் செல்வார். வண்டியில் உறங்கிச் செல்வோர் அவரை நினைப்பதில்லை. உமிழ்நீரும் அத்தகையதே. நாம் உண்ணும் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் பல்லின்மேல் படிந்த படலத்திலுள்ள நுண்ணுயிர்கள் தின்று அமிலமாக்குகின்றன. அவற்றுள் தலைமையானது 1924ஆம் ஆண்டில் கிளார்க் என்னும் ஆங்கில அறிஞர் கண்டு பெயரிட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். அமிலத்தின் கடுமையைப் பி.எச். என்னும் அளவால் குறிப்பர். எண் குறையக் குறைய அமிலம் கடிது. அவ்வளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கின் எனாமலிலிருந்து சுண்ணம் கரையத் தொடங்கும். உமிழ்நீர் வந்து அமிலத்தைக் கழுவி ஆற்றி, இழந்த சுண்ணத்தைத் திரும்பவும் பல்லில் படியச் செய்யும். நாள்தோறும் கரைவும் படிவும் மாறி மாறி நிகழ்கின்றன. படிவு வெல்லுமாயின் பல் நிலைக்கும். கரைவு வெல்லுமாயின் சொத்தை.

சர்க்கரை வாயில் பட்டபின் என்ன நிகழ்கிறது என்பதை 1940களில் ஸ்டெஃபான் என்னும் அமெரிக்கர் பற்படலத்திலேயே அளந்து காட்டினார். சில நிமிடங்களில் பி.எச். சரேலென இறங்குகிறது, மீண்டும் பழைய நிலைக்கு ஏற அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகிறது. இறக்கம் விரைவு, ஏற்றம் மெல்ல. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இனிப்பைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இனிக் கம்பிக்கு வருவோம். கோணற்பல்லை நெருக்கி நேராக்கும் முயற்சி புதிதன்று. 1728ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டு ஃபோஷார் தம் பல் மருத்துவ நூலில் அதற்கொரு பட்டையை விளக்கியுள்ளார். இன்றைய கம்பி முறைக்கு அடிப்படை இட்டவர் அமெரிக்காவின் எட்வர்டு ஆங்கிள். அக்காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டை மாட்டினர். பல்லின்மேல் நேரே ஒட்டும் வழியைத் திறந்தவர் ரோச்செஸ்டர் நகரத்து புவோனக்கோர். தொழிற்சாலைகளில் உலோகத்தின்மேல் வண்ணம் நன்கு பிடிக்கப் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதை அவர் அறிந்தார். அதனையே எனாமலின்மேல் பூசிச் சிறிது சொரசொரப்பாக்கினால் பசை பற்றுகிறது என்று 1955இல் வெளியிட்டார். நம் பணிமனையில் வண்ணம் பூசுவோர் இதனைக் கேட்டால், "இது எங்கள் வேலையன்றோ!" என்பர்.

இப்போது நம் பிள்ளைகளுக்குப் பொருத்துவது அவ்வழியில் வந்ததே. ஒவ்வொரு பல்லிலும் பிராக்கெட் என்னும் சிறு வில்லையை ஒட்டி, அவற்றின் பள்ளங்களில் கம்பியை ஓட்டி, ரப்பர் வளையத்தாலோ மெல்லிய கம்பியாலோ கட்டுகின்றனர். பிள்ளையாற் கழற்ற இயலாத நிலைக்கம்பி இது. பொருத்திய முதல் சில நாட்கள் வாயில் நீர் பெருகி வழியும். வந்திருப்பது உணவு என்றே வாய் எண்ணிவிடுகிறது. எம் மகள் கைக்குட்டையும் கையுமாய்ப் பள்ளி சென்றாள். தாய்மார் அஞ்ச வேண்டா; நாளடைவில் தணியும்.

ஆராய்ச்சியாளர் பலர் கம்பி பொருத்துவதற்கு முன்னும் பின்னும் உமிழ்நீரை அளந்து பார்த்துள்ளனர். முடிவுகள் யாவும் ஒருபடித்தாக இல்லை. ஆயினும் சிலவற்றில் உமிழ்நீரின் அளவு கூடியது. அமிலத்தை ஆற்றும் வலிமையும் கூடியது. அதே உமிழ்நீரில் மியூட்டன்ஸ், லாக்டோபாசில்லஸ் ஆகிய கிருமிகளின் எண்ணிக்கையும் கூடியது! காவலர் கூடினர், திருடரும் கூடினர். காவல் கூடியும் பல்லில் வடு ஏன் விழுகிறது என்று யாம் மருத்துவர் ஒருவரைக் கேட்டோம். அவர் கண்ணாடியொன்றை எடுத்து எம் மகளின் பல்லைக் காட்டி, "நீர் இருக்கிறது ஐயா, போக வழி இல்லை" என்றார்.

அதுவே செய்தி. உமிழ்நீர் பல்லின்மேல் அருவியாய் ஓடுவதன்று. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே கனமுள்ள மெல்லிய ஏடாகப் பல்லை மூடி ஊர்ந்து செல்கிறது. மழமழப்பான பல்லில் அஃது எளிதில் ஊரும். நாவும் கன்னமும் துடைத்துத் தரும். வில்லையும் கம்பியும் ரப்பரும் வந்தபின் ஒவ்வொரு பல்லிலும் பல மூலைகள், பல நிழல்கள். நாவின் துடைப்பு அங்கே எட்டாது. உமிழ்நீரின் ஊர்தலும் தடைப்படும். உணவுத்துகள் தங்கும், படலம் தடிக்கும். தடித்த படலத்தின் அடியில் பிறக்கும் அமிலம் வெளியேறவும் மாட்டாது. மேலிருந்து வரும் உமிழ்நீர் உள்ளே இறங்கவும் மாட்டாது. கீமேன் தம் நடையை நிறுத்தவில்லை. பாதையின்மேல் சரக்கைக் கொட்டிவைத்துவிட்டோம்.

வாயில் எல்லா இடத்திற்கும் உமிழ்நீர் ஒரே அளவாகச் செல்வதில்லை என்பதும் நம்மில் பலர் அறியாதது. நாவின் கீழ்ச் சுரப்பிகள் கீழ்முன்பற்களின் உட்புறத்தில் வாய்திறக்கின்றன. அங்கே எப்போதும் நீர். மேல்முன்பற்களின் வெளிப்புறமோ வறண்ட நிலம். அங்கு நீர் வருவது குறைவு, நகர்வதும் மெல்ல. நாம் சிரிக்கும்போது ஊருக்குத் தெரிவது அந்த இடம்தான். 1982இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, நிலைக்கம்பி அணிந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு ஒரு பல்லிலாவது வெண்வடு கண்டது. மேல்முன்பற்கள் மிகுதியும் கெட்டிருந்தன. அதே ஆய்வில், கீழ்முன்பற்களின் உட்புறத்தில் கம்பி ஒட்டியிருந்தவர்களிடம் அவ்விடத்தில் வடுவே இல்லை! கம்பி இரண்டிடத்திலும் உண்டு. நீர் ஓரிடத்தில்தான் உண்டு.

இவ்வடு கறையன்று, தேய்த்துப் போக்குதற்கு. எனாமலின் மேற்பரப்புக்குச் சற்று அடியில் சுண்ணம் கரைந்து ஏற்பட்ட வெறுமையே வெண்மையாகத் தோன்றுகிறது. துப்புரவு குன்றினால் நான்கு வாரங்களிலேயே அது கண்ணுக்குத் தென்படலாம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நான்கு வாரம் என்றால், ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிட்டு மறுமுறை போவதற்குள் என்று பொருள். ஆகவே "மாதந்தோறும் மருத்துவர் பார்க்கிறாரே" என்று நாம் வாளாவிருத்தல் கூடாது. அந்த இடைக்காலத்தில் காவல் வீட்டாருடையது.

வாயால் மூச்சுவிடும் பிள்ளைகளுக்கு இன்னும் கருத்து வேண்டும். பல் முன்தள்ளி உதடு மூடாத பிள்ளைகள்தாமே பெரும்பாலும் கம்பிக்குச் செல்கின்றனர்! அவர்கட்கு மேல்முன்பற்கள் காற்றில் உலர்ந்தே கிடக்கும். சளிக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் மாத்திரைகள் சில உமிழ்நீரை மேலும் வற்றச் செய்யும். அத்தகைய மாத்திரை உண்ணும் பிள்ளையாயின் பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

உணவைப் பற்றிப் பேச இவ்வூரைவிட இடர் மிகுந்த இடம் வேறில்லை. ரசகுல்லாவும் சந்தேஷும் தெருத்தோறும் உண்டு. கோகுலாஷ்டமி வந்தால் நம் வீடுகளில் சீடையும் முறுக்கும். முறுக்கும் சீடையும் வில்லையைப் பெயர்க்கும். பெயர்ந்தால் சிகிச்சை நீளும். கடலையுருண்டை கம்பியில் அப்பிக்கொள்ளும். இவை யாவரும் அறிந்தவை. அறியாதது எதுவெனின், எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே முதன்மையானது. ஸ்டெஃபான் காட்டிய இறக்கத்தை நினைவிற்கொண்டு எழுத்தர் முறையில் கணக்கிட்டுப் பார்ப்போம். உணவோடு சேர்த்து இரண்டு ரசகுல்லா தின்றால் ஓர் இறக்கம். மீட்சிக்கு 40 நிமிடம் என்று வைப்போம். அவற்றை விட்டு, பிற்பகல் முழுதும் சந்தேஷைக் கிள்ளிக் கிள்ளி ஆறுமுறை வாயில் போட்டால் ஆறு இறக்கம், 240 நிமிடம். கம்பியின் மூலைகளில் நீர் புகாத இடங்களில் மீட்சி இன்னும் நீளும். ஆகவே பிள்ளைக்கு இனிப்பை மறுக்க வேண்டா. உணவு வேளையில் கொடுத்து முடித்துவிடுங்கள். பந்தாடும்போது உறிஞ்சும் புட்டிப் பானத்திற்கும் இதே கணக்கு. அதில் சர்க்கரையோடு அமிலமும் சேர்ந்தே வருகிறது.

நம் முன்னோர் எது தின்றாலும் வாய் கொப்பளித்தனர். திண்ணையில் செம்பு நீர் இருந்தது அதற்கே. இப்போது பள்ளியிலும் அலுவலகத்திலும் கையை மட்டும் கழுவுகிறோம். கம்பியணிந்த பிள்ளைக்குக் கொப்பளித்தல் பழைய வழக்கமன்று, மருந்து. தங்கிய துகளும் அமிலமும் நீர்த்துப் போகும். எம் மகளின் பள்ளிப்பையில் ஒரு தண்ணீர்ப் புட்டி அதற்கென்றே இருந்தது. தோழியர் நகைத்தனர், பிறகு பழகிவிட்டனர். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் நம் பெருமைகள்தாம். ஆயினும் கம்பிக்கு அடியில் அவை நுழையா. கரியும் உப்பும் செங்கற்பொடியும் வேண்டவே வேண்டா.

தூரிகையைக் கம்பிக்கு மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை சாய்த்துப் பிடித்து, ஈற்றோரத்தையும் வில்லைகளின் இடையையும் துலக்க வேண்டும். கம்பிக்கடியில் நுழையும் சிறு தூரிகை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. இரவுத் துலக்கலைத் தவறவிடலாகாது. ஏனெனில் உறக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றேவிடும். காவலர் துயிலும் வேளையில் சரக்கைப் பாதையில் விட்டுப் போவார் உண்டோ? இரவு பல் துலக்கியபின் பாலோ பிஸ்கட்டோ கொடுக்கும் பாட்டிமார் எம்மை மன்னிப்பார்களாக.

பற்பசையில் ஃபுளூரைடு உளதா என்று குழாயைத் திருப்பிப் படியுங்கள். சந்தையில் அஃது இல்லாத பசைகளும் விற்கின்றன. ஃபுளூரைடு எனாமலில் சேருமாயின் அவ்வெனாமல் முன்னினும் கடுமையான அமிலத்திற்கும் ஈடுகொடுக்கும். உமிழ்நீர் கொணரும் சுண்ணம் மீண்டும் படிவதையும் விரைவுபடுத்தும். "ஃபுளூரைடு நஞ்சன்றோ?" என்று தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து உறவினர் சிலர் எம்மைக் கேட்டனர். அவர்கள் அச்சம் காரணமற்றதன்று. அவ்விடங்களிலும், இங்கே புருலியா, பாங்குரா மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்து, நாள்தோறும் பருகியவர் பல்லும் எலும்பும் கெட்டதுண்டு. பசையோ துலக்கித் துப்புவது, விழுங்குவதன்று. பத்து இலட்சம் பங்கில் ஆயிரம் பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று நம் நாட்டில் வரம்பும் உண்டு. மருத்துவர் ஃபுளூரைடுப் பூச்சும் பூசுவர், கேட்டுப் பெறுக.

ஈற்றில் குருதி கசிந்தால் துலக்குவதை நிறுத்திவிடுகின்றனர் பலர். கசிவது படலம் தங்கியதால். நிறுத்தினால் இன்னும் கசியும். கம்பியிலுள்ள நிக்கல் உமிழ்நீரில் கரையுமே என்றும் அஞ்சுவர். கரைவது மிகச் சிறிதளவே; உணவோடு நாள்தோறும் நாம் உட்கொள்ளும் அளவைக்காட்டிலும் குறைவு. ஆயினும் கவரிங் நகை பட்டால் தோல் தடிக்கும் பிள்ளையாயின் முன்னரே சொல்லிவிடுதல் நன்று.

ஒரு குறையையும் கூறியாக வேண்டும். எம் உறவினர் ஒருவர் தம் மகனை வேறோர் ஊரில் தனியார் மருத்துவமனையொன்றில் சேர்த்தார். அங்கே முழுத்தொகையையும் முன்னதாகப் பெற்று ஒரே அமர்வில் கம்பியைப் பொருத்தி அனுப்பினர். தூரிகையை எப்படிப் பிடிப்பது என்று காட்டவும் இல்லை. முன்பே இருந்த சொத்தையை அடைக்கவும் இல்லை. கம்பி பொருத்துமுன் சொத்தை அடைத்தலும், பற்காரை நீக்குதலும், பிள்ளை செவ்வனே துலக்குகிறதா என்று சில வாரம் பார்த்தலும் முறை. துலக்காத பிள்ளைக்குச் சற்றுக் காலந்தாழ்த்திப் பொருத்துவோம் என்று சொல்லும் மருத்துவரே நம் நண்பர். வரன் பார்க்கும் காலம் நெருங்குகிறதென்று நாம் அவரை விரைவுபடுத்தலாகாது. தனியார் செலவு தாங்காதோர் கல்கத்தாவின் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியை நினைவிற்கொள்க. 1920இல் டாக்டர் ரஃபியுதீன் அகமது தொடங்கிய அது நம் நாட்டின் முதற் பல் மருத்துவக் கல்லூரி. சியால்தா நிலையத்திற்கு அண்மையில் உள்ளது. காத்திருக்க வேண்டும், பாஸ் உடைய நமக்குப் போக்குவரத்துச் செலவேனும் இல்லை.

கம்பி கழற்றிய பின்னர் உமிழ்நீரில் கூடியிருந்த கிருமிகள் பெரும்பாலும் பழைய அளவுக்கு இறங்கிவிடும். வீங்கிய ஈறும் சில திங்களில் தணியும். வெண்வடுவும் ஓரளவு மங்கும். தடை நீங்கியதும் உமிழ்நீர் தன் சுண்ணத்தைக் கொணர்ந்து தானே சீர்செய்யத் தொடங்குகிறது. சிறியன மறையலாம், பெரியன முழுதும் மறைவதில்லை. மேற்சொன்ன பிள்ளைக்கு வடு சற்று மங்கியுள்ளது என்று அவன் தாய் சென்ற வாரம் கூறினார். மருத்துவர் இன்னும் சில திங்கள் பொறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம்.

எம் மகளுக்குப் பல் மீண்டும் கோணாதிருக்கக் கீழ்முன்பற்களின் உட்புறத்தில் மெல்லிய கம்பியொன்றை ஒட்டி வைத்துள்ளனர். அங்கே நீர் மிகுதி என்று முன்னர்ச் சொன்னோம். ஆதலின் வடுவுக்கு அஞ்சுவதற்கில்லை. ஆனால் சுண்ணம் மிகுந்த நீர் தேங்கும் இடத்தில் படலம் கல்லாய் இறுகும். நம் குளியலறைக் குழாயடியில் உப்புப் படிவதில்லையா? அதுபோன்ற பற்காரை. ஆறு திங்களுக்கு ஒருமுறை அதனை நீக்க வேண்டும் என்றனர். அடுத்த முறை தை மாதம் வருகிறது. அதற்கு விடுப்பு விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டோம்.

பாயசம் வந்துவிட்டது. குடித்தபின் குழந்தைகள் வாய் கொப்பளிக்கக் கொல்லைப்புறக் குழாயில் நீர் வருகிறது.